1983ஆம் ஆண்டு யெஸ்டி ரோடுகிங்: நாற்பதாயிரம் ரூபாயை எங்கிருந்து செலவிடத் தொடங்குவது?

ரெட்டைக்குழல் (திருச்செங்கோடு):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1983இல் புதிதாக வாங்கிய யெஸ்டி ரோடுகிங் மோட்டார்சைக்கிள், எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பதினான்கு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. எஞ்சின் இறுகவில்லை; கிக்கரை மிதித்தால் பிஸ்டன் நகர்கிறது. நிறுத்துவதற்கு முந்தைய மாதங்களில் வெள்ளைப் புகை மிகுதியாக வந்ததாகவும், கியர்பாக்ஸ் ஆயில் வெளியே எங்கும் ஒழுகாமலேயே அடிக்கடி குறைந்ததாகவும் தந்தையார் சொல்கிறார். டேங்க் உட்புறம் துருவேறியிருக்கிறது. கிக்கராகவும் கியராகவும் பயன்படும் அந்த ஒரே லீவரை, பற்கள் தேய்ந்துவிட்டதால் யாரோ தண்டோடு சேர்த்து வெல்டிங் செய்துவிட்டார்கள்.

என்னால் எட்டு மாதங்களில் சிறிது சிறிதாக நாற்பதாயிரம் ரூபாய் வரை செலவிட முடியும். உள்ளூர் மெக்கானிக் ஒருவர், முதலில் வண்டியை முழுவதுமாகப் பிரித்துப் பெயின்டும் குரோமும் முடித்துவிடலாம் என்றும், பிறகு பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு எஞ்சினை வாங்கிப் பொருத்திவிடலாம் என்றும் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கடைசல்பட்டறை (கோவை):

தம்பி, மெக்கானிக் சொன்ன வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குரோமில் பணம் போன பிறகு எஞ்சின் பாதியில் நின்றுபோன வண்டிகள் பல எங்கள் பட்டறை வாசலுக்கு வந்திருக்கின்றன. வேறு எஞ்சின் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு கூடிய எஞ்சின் உங்களிடம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் எஞ்சினின் உள்நிலை என்னவென்று விற்பவருக்கே தெரியாது.

உங்கள் தந்தையார் சொன்ன இரண்டு அறிகுறிகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறும்போது, அதற்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறைக்குள் உறிஞ்சல் உண்டாகிறது. அந்த உறிஞ்சலில்தான் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகின்றன. கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல், அதாவது தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், காய்ந்து விறைத்துவிட்டால், அதே உறிஞ்சல் கியர்பாக்ஸ் ஆயிலையும் உள்ளே இழுத்து எரித்துவிடும். அதனால்தான் தரையில் ஒரு சொட்டும் விழாமல் ஆயில் குறைந்தது. மறுபக்கத்துச் சீல் போயிருந்தால் வெறும் காற்று நுழையும். அப்போது புகை வராது, ஆனால் வண்டி ஐடிலில் நிற்காது, சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே கேஸைப் பிரிக்கும்போது இரண்டு பக்கச் சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இவற்றைத் தேடி யெஸ்டி உதிரிபாகக் கடைக்கே போக வேண்டும் என்பதில்லை. பழைய சீலின் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் ஆகிய மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு போனால், அது பொது அளவாக இருக்கும்பட்சத்தில் ஆயில் சீல் விற்கும் கடையிலேயே கிடைத்துவிடும். பால் பேரிங்கின் வளையத்திலும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பேரிங் கடைக்காரருக்கு அந்த எண் போதும். கிராங்க் பேரிங்கில் அந்த எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் உள்ளே கூடுதல் இடைவெளி விட்டுச் செய்யப்பட்ட வகை அது. சாதாரண வகையைப் போட்டால் சூட்டில் இறுகும்.

வெல்டிங் செய்த லீவரைப் பற்றி: அதைக் கழற்றாமல் கிளட்ச் மூடியே வெளியே வராது. கிரைண்டரால் லீவரின் கழுத்தை மெதுவாக அறுங்கள். லீவர் போனால் போகட்டும், தண்டில் கீறல் விழக் கூடாது. புதிய லீவரைப் போட்டபின் அதன் போல்ட்டை அவ்வப்போது இறுக்குங்கள். பற்கள் தேய்வது பெரும்பாலும் போல்ட் தளர்ந்திருக்கும்போது மிதிப்பதால்தான்.

சாமுண்டிமலை (மைசூர்):

உதிரிபாகங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். யெஸ்டி வண்டிகளைச் செய்துவந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை இங்கே 1996இல் மூடப்பட்டது. 2022இல் யெஸ்டி என்ற பெயர் மீண்டும் வந்தாலும், அவை தண்ணீரால் குளிரூட்டப்படும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். பழைய எஞ்சினுக்கு உதவும் பாகம் அந்த ஷோரூமில் கிடைக்காது. மிஞ்சியிருப்பவை மூன்று வழிகள்: பழைய கடைகளில் விற்காமல் கிடக்கும் அக்காலச் சரக்கு, சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பிரித்து விற்கப்படும் பாகங்கள், இப்போது செய்து விற்கப்படும் நகல்கள். நகல்களில் ரப்பர் பொருள்களும் கேபிள்களும் பரவாயில்லை; கியர் பல்லையும் கிளட்ச் தகட்டையும் நகலாக வாங்கும் முன் பழையதைக் கையில் வைத்து ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். இந்தக் காரணத்தாலேயே, எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் பழைய பாகம் எதையும் எறிந்துவிட வேண்டாம்.

இரண்டு சைலன்சர்களையும் உடனே மாற்றத் தோன்றும், பொறுங்கள். உள்குழாயை வெளியே எடுத்துக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் பல ஆண்டுக் கரி கழன்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாகம் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள், அது அரித்துத் தின்றுவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாவா, யெஸ்டி வண்டிக்காரர்கள் பல ஊர்களிலும் கூடுவார்கள். பாகம் கிடைக்கிறதோ இல்லையோ, யாரிடம் கிடைக்கும் என்ற செய்தி அங்கே கிடைக்கும்.

பழையதாள் (சென்னை):

செலவைத் தொடங்கும் முன் ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25 கொடுத்து வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். இருபது ஆண்டு கடந்த இருசக்கர வண்டிக்கு அதற்கான கட்டணம் 2025இல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. பழம்பெரும் வண்டி என்ற தனிப்பதிவுக்கு ஐம்பது ஆண்டு நிறைந்திருக்க வேண்டும் என்பதால், 2033 வரை உங்களுக்கு அது பொருந்தாது. பெயின்ட் அடிப்பவரிடம் சேசிஸ் எண்ணின் மேல் பட்டி பூசவோ தேய்க்கவோ கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். எண் மங்கிய வண்டியோடு ஆர்டிஓ அலுவலகத்துக்கு நான் நான்கு முறை நடந்திருக்கிறேன்.

ரெட்டைக்குழல்:

மூவருக்கும் நன்றி. எண்கள் இரண்டும் சரியாக இருக்கின்றன. ஹெட்டையும், பிஸ்டன் ஓடும் பிளாக்கையும் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டன் தலையில் 65.50 என்று இருக்கிறது. பிளாக்கின் உட்சுவரில் நகத்தில் தட்டுப்படும் கோடுகள் உள்ளன. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல்முனை இடவலமாக ஆடுகிறது. கிராங்க் போய்விட்டதா?

கடைசல்பட்டறை:

இடவல ஆட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். கீழே பக்கவாட்டில் சிறிது இடைவெளி இருந்தாக வேண்டும், அது மேல்முனையில் பெரிதாகத் தெரியும். கிராங்கை மேல்நிலையில் அசையாமல் நிறுத்தி, ராடை நேராக மேலும் கீழும் இழுத்துத் தள்ளுங்கள். டக் என்று தட்டினால் ராடு கிட், அதாவது புதிய ராடும் அதன் பேரிங்கும், போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்குப் பிரஸ்ஸும், அழுத்திச் சேர்த்தபின் கிராங்கை டயல் கேஜில் ஓட்டி நேர்பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும், சுத்தியலால் அடித்துச் சேர்ப்பவரிடம் கொடுக்காதீர்கள். தட்டவில்லை என்றால் அந்தப் பணம் மிச்சம்.

இந்த வண்டியில் பிஸ்டனின் தொடக்க அளவு 65 மில்லிமீட்டர். ஆகவே உங்கள் பிளாக் ஏற்கெனவே பெரிதாக்கப்பட்டிருக்கிறது. அடுத்த அளவு 65.75. ஆனால் கோட்டின் ஆழத்தைப் பொறுத்து 66க்குப் போக வேண்டியும் வரலாம். அதைப் பட்டறையில் அளந்தபின் பிஸ்டனைத் தேடுங்கள். பிஸ்டன் கைக்கு வராமல் பிளாக்கைக் கடைந்து பெரிதாக்கும் போர் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள், ஏனென்றால் கடைந்துவிட்ட பிளாக்குக்கு ஏற்ற அளவு கிடைக்காமல் ஓராண்டு காத்திருந்தவர்கள் உண்டு. பிஸ்டனையும் பிளாக்கையும் சேர்த்தே பட்டறையில் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்ப இடைவெளி விடுவதுதான் முறை.

டேங்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஓட்டை இருந்தால் அதை வெல்டிங் கடைக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். பதினான்கு ஆண்டு கழிந்தும் உள்ளே பெட்ரோல் ஆவி தங்கியிருக்கலாம், பொறி பட்டால் வெடித்துவிடும்.