பணிநீக்கப் பாகுபாட்டு வழக்கு தள்ளுபடி: மேல்முறையீட்டில் புதிய சாட்சியைச் சேர்க்க முடியுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தில் பணிபுரிந்த என் தங்கை, கருவுற்றிருப்பதை மேலாளரிடம் தெரிவித்த அடுத்த மாதமே வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். அவளுடைய முந்தைய ஆண்டுப் பணியை ‘எதிர்பார்ப்புக்கு மேல்’ என்று மதிப்பிட்டுக் கையொப்பமிட்ட அதே மேலாளர், நீக்கக் கடிதத்தில் திறமைக் குறைவைக் காரணம் காட்டியிருந்தார். ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் வழக்கை ஜூரியிடம் (பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு) அனுப்பாமல், சம்மரி ஜட்ஜ்மென்ட் (முழு விசாரணையின்றி, தாக்கலான சான்றுகளை வைத்தே தரும் தீர்ப்பு) வழங்கிச் சென்ற வாரம் தள்ளுபடி செய்துவிட்டது. இப்போது சக ஊழியர் ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்துள்ளார். அவரையும் சேர்த்து மேல்முறையீடு செய்யலாமா?

மறுமொழி 1

சாட்சியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்; முதலில் நாள் கணக்கைக் கவனியுங்கள். தனியார் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பை அதே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பௌல்ஸ் வழக்கில், நீதிபதியே சட்டம் அனுமதித்த 14 நாட்களுக்குப் பதிலாக 17 நாள் அவகாசம் தந்துவிட, அதை நம்பித் தாமதித்தவரின் மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. எனக்கு இது இன்றும் கொடுமையாகவே படுகிறது.

மறுமொழி 2

சகோதரரே, பிலடெல்பியாவிலுள்ள மூன்றாம் சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிப்பதில்லை. கீழ் நீதிமன்றத்தின் பதிவில் (அங்கு ஏற்கெனவே தாக்கலான ஆவணங்கள், சாட்சியங்கள்) இருப்பதை மட்டுமே பார்க்கும் என்பதால் புதிய சாட்சிக்கு அங்கு இடமில்லை. உரிய முயற்சி எடுத்தும் அவரை முன்பே கண்டறிந்திருக்க முடியாது என்று காட்ட முடிந்தால், தீர்ப்பை மாற்றக் கோரும் மனுவை மாவட்ட நீதிமன்றத்திலேயே 28 நாட்களுக்குள் அளிக்கலாம். உரிய காலத்தில் அளித்தால், அம்மனு முடிவான பிறகே 30 நாள் கணக்கு தொடங்கும்.

ஆனாலும் உங்கள் தங்கையின் உண்மையான பலம் அந்த மதிப்பீட்டுத் தாள்தான். சம்மரி ஜட்ஜ்மென்ட்டை மேல்நீதிமன்றம் கீழ்நீதிபதியின் கருத்துக்குக் கட்டுப்படாமல் புதிதாக ஆராயும். உச்ச நீதிமன்றத்தின் 2000-ஆம் ஆண்டு ரீவ்ஸ் தீர்ப்பின்படி, நிறுவனம் சொன்ன காரணம் பொய் என்று நம்பப் போதிய சான்று இருந்தால், அதிலிருந்தே பாகுபாட்டை ஊகிக்க ஜூரிக்கு உரிமை உண்டு. சான்றுகளை எடைபோடுவது நீதிபதியின் வேலையன்று. கையொப்பமிட்டவரும் நீக்கியவரும் ஒருவரே என்பதால், முன்பு பாராட்டியவருக்குப் பாகுபாட்டு எண்ணம் இருக்காது என்று நிறுவனம் தனக்குச் சாதகமாகவும் வாதிடக்கூடும். ஆனால் இடையில் மாறியது கருவுற்ற செய்தி ஒன்றே என்பதைப் பதிவிலிருந்தே காட்டுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. அந்த மதிப்பீடு மாவட்ட நீதிமன்றத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்யப்பட்டுள்ளது. செலவு எவ்வளவு ஆகும்?

மறுமொழி 1

நீதிமன்றக் கட்டணம் 605 டாலர். வழக்கறிஞர் ஊதியம் தனி. வழக்கறிஞருடன் செய்யும் பல ஒப்பந்தங்கள் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்துவிடும். எனவே மேல்முறையீட்டையும் இப்போதைய வழக்கறிஞரே நடத்துவாரா என்று நாளைக்கே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.