ஓடிகோலன் வாசம் உங்களை எந்த ஊரில் கொண்டுபோய் விடும்?

உறையூர்க்காரி:

வெயில்காலத்துக்கு என்ன சென்ட் போடுவீர்கள் என்று போன வாரம் ஆபீஸில் பேச்சு வந்தது. நான் ஓடிகோலன் என்றேன். "அது காய்ச்சலுக்குப் போடறதுல்ல?" என்று ஒரே சிரிப்பு. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன். உங்கள் கதைகளையும் போடுங்கள்.

என் கதை நடந்தது 2015 ஜூலையில். வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில் ட்ரெய்னிங். கொலோன் நகரில் மூன்று வாரம். நானும் ஒட்டிக்கொண்டேன். குளிருமே என்று மூன்று ஸ்வெட்டர் எடுத்துப் போனேன். போய் இறங்கினால் அனல். அந்த மாதம் 5ஆம் தேதி கிட்ஸிங்கன் என்ற ஊரில் 40.3 டிகிரி அடித்து அந்த நாட்டு ரெக்கார்டே உடைந்தது. திருச்சியில் பிறந்தவளுக்கு 40 என்ன பெரிய விஷயம் என்பீர்கள். நம் ஊரில் தலைக்கு மேல் ஃபேன் சுற்றும். அங்கே தங்கிய அறையில் ஏசியும் இல்லை, ஃபேன் மாட்டக் கொக்கியும் இல்லை.

வெயிலுக்குப் பயந்துதான் குளோக்கன்காஸே தெருவில் இருக்கும் 4711 ஓடிகோலன் கடைக்குள் நுழைந்தேன். 4711 என்பது வீட்டு எண். 1794இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்த பிறகு வீடுகளுக்கெல்லாம் எண் போட்டார்கள். அந்த எண்ணே பின்னால் சென்டுக்குப் பேராகிவிட்டது. கடைக்குள் சின்னதாக ஒரு குழாய். அதில் தண்ணீருக்குப் பதில் ஓடிகோலன் ஓடிக்கொண்டே இருக்கும், யார் வேண்டுமானாலும் கையை நீட்டலாம். நான் கைக்குட்டையை நாலாக மடித்து நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான். ஜெர்மனி போய்விட்டது. உறையூர் வீட்டு நடு அறை, கோரைப்பாய், வயது ஏழு, அம்மை வந்து போன பிறகு விடாமல் அடித்த காய்ச்சல். அப்பாயி கிண்ணத்துத் தண்ணீரில் ஓடிகோலனை மூடியால் அளந்து ஊற்றுவார். பழைய வேட்டிக் கிழிசலை அதில் முக்கிப் பிழிந்து நெற்றியில் போடுவார். முதலில் சுரீர். பிறகு எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு காரம். ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் போகும்போது வருமே ஒரு ஜில், அது அங்கே, அந்தக் கடையில், அப்படியே வந்தது. கடைக்காரப் பெண் என்ன நினைத்தாளோ, ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

(குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இப்போது யாரும் இதைச் செய்யாதீர்கள். சாராயம் கலந்த சமாச்சாரம், டாக்டர்கள் கூடாது என்கிறார்கள். வெறும் தண்ணீர்த் துணி போதும்.)

ஓடிகோலனை முதலில் செய்தவர் யார் என்று தேடியபோதுதான் தெரிந்தது, மூலக் கடை 4711 அல்ல. சில தெருக்கள் தள்ளி ஃபரீனா வீடு இருக்கிறது. 1709இலிருந்து நடக்கிற கம்பெனி. ஜொவானி மரியா ஃபரீனா இத்தாலிக்காரர், பிழைக்க வந்த இடம் கொலோன். ஒரு வாசனை கண்டுபிடித்திருக்கிறேன், மழை விட்ட பிறகு வரும் இத்தாலியக் காலை மாதிரி இருக்கிறது, மலைப் பூவும் ஆரஞ்சுப் பூவும் நினைவு வருகிறது என்று 1708இல் தன் சகோதரருக்குக் கடிதம் எழுதினாராம். ஊர் ஏக்கத்தைப் பாட்டிலில் அடைத்தவர், அதற்குத் தன்னை ஏற்றுக்கொண்ட ஊரின் பேரையே வைத்துவிட்டார். கொலோன் தண்ணீர். பிரெஞ்சில் ஓ த கொலோன், நம் வாயில் ஓடிகோலன்.

ஃபரீனாவையும் முகர்ந்து பார்த்தேன். இன்னும் மெல்லிசு, உசத்திதான். ஆனாலும் எனக்கு 4711இன் அந்த நீலமும் தங்கமுமான லேபிள்தான். ஃபரீனாவில் அப்பாயி இல்லை.

ஜன்னலோர சீட்:

மானம் போன கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

துருக்கி. அங்காராவிலிருந்து கப்படோகியா போகிற பஸ். ஆகஸ்ட் மாதம், வெளியே வைக்கோல் நிறத்தில் வெட்டவெளி. பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் பெரிய பாட்டிலோடு வந்தான். கண்டக்டருக்கும் கிளீனருக்கும் நடுவில் ஒரு உத்தியோகம், முவாவின் என்பார்கள். ஒவ்வொரு சீட்டாக வருகிறான், எல்லோரும் கையைக் குவித்து நீட்டுகிறார்கள், அவன் ஊற்றுகிறான். நானும் நீட்டினேன். நமக்குப் பழக்கம் என்ன? வலது கையைக் குழித்து, அதன் கீழே இடது கையைக் கொடுத்து, பயபக்தியோடு வாங்கி...

ஆமாம். வாயில் வைத்துவிட்டேன். மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன்.

80 சதவீதம் சாராயம் சார் அது! உதடு எரிகிறது, தொண்டை எரிகிறது, கண்ணில் தண்ணீர். பக்கத்து சீட்டுப் பெரியவர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். நான் பிழைத்துக்கொள்வேன் என்று தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர்தான், அரை மணி நேரம் நிறுத்தவில்லை. பிறகு அவரே கையைத் தேய்த்து, பின்கழுத்தில் வைத்து, கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து காட்டினார். அதன்படி செய்தேன். எலுமிச்சை. பஸ்ஸில் அதுவரை இருந்த ஷூ நாற்றம், சாப்பாட்டு நாற்றம் எல்லாம் ஒரு நொடியில் காணோம்.

கொலோன்யா என்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும், சாப்பிட்டு முடித்தாலும், பெருநாள் என்றாலும் அதை ஊற்றிவிட்டு மிட்டாய் நீட்டுவார்கள். முன்னே அந்த இடத்தில் பன்னீர்தான் இருந்ததாம், சுல்தான் அப்துல்ஹமீது காலத்தில் கொலோன் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்போடு ஒரு பெண் நிற்பாளே, அதே மரியாதை. நாம் பன்னீரை விடவில்லை, அவ்வளவுதான்.

வடலியடி:

உறையூர்த் தங்கச்சி, நீங்கள் சொன்ன அந்த ஊருக்குக் கிட்டத்தான் நான் 1986இல இருந்து இருக்கிறன். எங்களுக்கும் அது ஓடிக்கொலோன்தான், காய்ச்சலுக்குத்தான். யாழ்ப்பாணத்தில எங்கட அம்மா அலுமாரிக்குள்ள பூட்டித்தான் வைப்பா.

இங்க வந்த புதுசில பாஷை தெரியாது, ஒருத்தரையும் தெரியாது. ட்ராமில ஒரு ஜெர்மன் கிழவி பக்கத்தில வந்து இருந்தா. கைப்பையைத் திறந்து குட்டிப் போத்தல் ஒண்டை எடுத்து மணிக்கட்டில பூசினா. எனக்கு அம்மா வந்து பக்கத்தில இருந்த மாதிரி. நான் இறங்க வேண்டிய இடத்தில இறங்கேல்லை. அவ இறங்கும் மட்டும் இருந்திட்டு, பிறகு மூண்டு தரிப்பிடம் நடந்து திரும்பி வந்தனான்.

இங்கத்தைப் பெடியளுக்கு அது கிழவியளின்ர மணம், பூச வெக்கம். என்ர மகளும் அதைத்தான் சொல்லுறாள்.

சண்டை முடிஞ்சு 2010இல ஊருக்குப் போகேக்கை அம்மாவுக்குப் பெரிய போத்தல் ஒண்டு கொண்டு போனனான். ஆசையாத் திறந்து மணந்தா. பிறகு மூடியை இறுக்கிக் கொண்டு கேட்டா, "ஏன் மோனை, எனக்கு இப்ப காய்ச்சலே?" நான் திரும்பி வரும் வரைக்கும் அதைத் தொடேல்லை.

லேப் கோட்:

ஒரு குறுக்கீடு. ஓடிகோலனில் வாசனை எண்ணெய் கொஞ்சம்தான், நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் அநேகமாக இருக்காது. அதுவும் பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்), எலுமிச்சை, ஆரஞ்சுப்பூ மாதிரி சீக்கிரம் பறந்துவிடும் சரக்கு. சாராயம் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அதுதான் அந்த ஜில். வாசனையும் ஓரிரு மணி நேரத்தில் கூடவே போய்விடும். "காசு கொடுத்து வாங்கினேன், நிற்கவே மாட்டேங்குது" என்று புலம்பாதீர்கள், அதன் குணமே அது.

இன்னொன்று. பழைய முறைப்படி பிழிந்த பெர்கமாட் எண்ணெயைக் கழுத்தில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால், வழிந்த தடத்திலேயே கருப்புக் கோடு விழும். இப்போது அந்தக் கோட்டுக்குக் காரணமான பொருளை நீக்கிய எண்ணெயைத்தான் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். ஆனாலும் நம் வெயிலுக்கு உடுப்பில் போட்டுக்கொள்வது நல்லது.

உறையூர்க்காரி:

வடலியடி அண்ணா, அந்த மூன்று ஸ்டாப்பைப் படித்துவிட்டு வேறெதுவும் எழுத வரவில்லை. ஜன்னலோர சீட், உங்களுக்குக் கோயில் பக்கம் போகவே தடை போட வேண்டும்.

என் பாட்டில் என்ன ஆனது என்று இன்பாக்ஸில் இரண்டு பேர் கேட்டார்கள். 200 மில்லி வாங்கினேன், புத்திசாலி மாதிரி கைப்பையில் வைத்தேன். ஏர்போர்ட் செக்கிங்கில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டோம் என்று எடுத்து வைத்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று கெஞ்சி, வரிசை பூராவும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் கழுத்து, என் துப்பட்டா, இரண்டு பேர் கைக்குட்டை என்று முடிந்தவரை ஊற்றிக்கொண்டோம். விமானத்தில் பக்கத்து சீட்டு அம்மா சென்னைக்காரர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "யாருக்கும்மா முடியல?" என்றார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். கைக்குட்டையை எத்தனை தடவை முகர்ந்தும் ஒன்றுமில்லை, வெறும் துணி. அம்மா அதையும் எடுத்துப்போய் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டார்.