நகையை மீட்க வீட்டுச் செலவைக் குறைத்தீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூத்த மருமகள்:

வீட்டு நகை மொத்தமும் வங்கியில் இருக்கிறது. நாத்தனார் கல்யாணம், மாமாவின் ஆபரேஷன், எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான், அதை விரிக்கவில்லை. எதையெல்லாம் நிறுத்தலாம் என்று நானும் அவரும் உட்கார்ந்து எழுதினோம். முதலில் விழுந்தது கேபிள்.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. சீரியல் நேரத்துக்கு எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே இருக்கும் அக்கா ஏன் என்று கேட்டதற்கு "டிவி ரிப்பேர்" என்று சொல்லிவிட்டார். அந்த அக்கா நல்ல மனசுக்காரர். தெரிந்த மெக்கானிக்கைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பையோடு ஒரு பையன் வாசலில் நிற்கிறான். நான் வாய் திறப்பதற்குள் அத்தை உள்ளேயிருந்து வந்து, "ஆமா தம்பி, படமே வரல" என்றார். அவன் போட்டுப் பார்த்தான். சந்தா முடிந்துவிட்டது என்று திரையில் கொட்டை எழுத்தில் வருகிறது. அவன் என்னைப் பார்க்கிறான், நான் அத்தையைப் பார்க்கிறேன், அத்தை ஃபேனைப் பார்க்கிறார். "டிவி நல்லாத்தான்க்கா இருக்கு, பாக்ஸுக்குத்தான் பணம் கட்டணும்" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டான். ஒரு மாசம் கேபிளை நிறுத்தி மிச்சம் பிடித்த காசு அப்படியே அவன் கைக்குப் போனது.

காசு போனால் போகட்டும். நேராக எதிர்வீட்டுக்குப் போய் என்ன சொன்னானோ, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த அக்கா அதற்கப்புறம் "டிவி சரியாயிடுச்சா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் எப்படி?

மொய் நோட்டு:

நாங்கள் கை வைத்தது மொய்யில். நெருங்கிய சொந்தம் தவிர யாருக்கும் இந்த வருஷம் கிடையாது என்று முடிவு செய்துவிட்டு, அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போனோம். மொய் மேஜையைத் தாண்டித்தானே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும்? எழுதுகிறவர் ஊர், பேர் எல்லாம் எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "எவ்வளவும்மா?" என்றார். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். "அப்புறம் எழுதிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

எழுதின பேரை அவர் அடித்துவிடவும் இல்லை. பேர் மட்டும் இருக்கிறது, தொகைக்கு நேரே வெற்றிடம். அந்த நோட்டு இன்னும் அந்த வீட்டில்தானே இருக்கும்? அடுத்து யார் வீட்டு விசேஷத்துக்காகப் புரட்டினாலும் எங்கள் பேருக்கு நேரே ஒன்றும் இருக்காது. இவர் என்னவென்றால், "அவங்க நமக்கு 1,000 செஞ்சாங்க, அது கடன்தான், இதையும் லிஸ்ட்ல சேத்துக்கோ" என்கிறார். நகைக்கடனை அடைக்கப் போய் மொய்க்கடன்.

இரவு ஷிப்ட்:

கேபிள், மொய் எல்லாம் சரி. ஆனால் இதிலெல்லாம் மிச்சம் பிடித்து நகை திரும்பும் என்று நம்பாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்றால்.

2025 ஆரம்பத்தில் நடந்ததுதான், உங்களில் பாதிப் பேர் பட்டிருப்பீர்கள். அதுவரை வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, முழுப் பணத்தையும் கட்டி நகையை எடு, மறுநாள்தான் திரும்ப வைக்கலாம் என்றார்கள். முழுப் பணம் இருந்தால் நான் ஏன் வைக்கிறேன்?

வங்கி வாசலிலேயே ஆள் இருந்தார். ஒரு நாளைக்குப் பணம் தருவார், நகை அவர் கையில். கவுன்ட்டரில் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். நான் கை நீட்டுகிறேன், அவர் என் தோளுக்கு மேலாகக் கையை விட்டு எடுத்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ரசீது கிடையாது, ஒன்றும் கிடையாது. "காலைல பத்து மணிக்கு வந்துடுங்க சார்." பெண்ணின் காதுகுத்துக்குப் போட்ட தோடு அதில் இருந்தது. என் மனைவி அன்று ராத்திரி முழுக்க என்னிடம் பேசவில்லை, நானும் தூங்கவில்லை.

மறுநாள் வந்தார். நகையும் சரியாக இருந்தது. நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு ராத்திரிக்கு அவர் எடுத்துக்கொண்ட கமிஷன், நாங்கள் மளிகையில் ஆறு மாதம் பிடித்த மிச்சம். இப்போது சொல்லுங்கள், பால் பாக்கெட்டைக் குறைத்து என்ன ஆகப்போகிறது?

ஓய்வுபெற்ற கேஷியர்:

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. நான் கவுன்ட்டரில் இருந்த காலத்தில் ஒரு அம்மா மாசம் பிறந்தால் 500 ரூபாயோடு வந்துவிடுவார். பக்கத்து இருக்கைக்காரர், "வருஷக் கடைசில மொத்தமா கட்டுங்களேம்மா, எதுக்கு அலையிறீங்க?" என்பார். அவர் பதில் சொல்ல மாட்டார், சலானை மட்டும் நீட்டுவார். அவ்வளவுதான் என் கதை. இப்போது இரவு ஷிப்ட் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா செய்ததுதான் சரி. நகைக்கடனுக்கு மாதத் தவணை இல்லை என்பதால் வருஷக் கடைசிவரை எதுவும் கட்டக்கூடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான வங்கிகளில் இடையில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். அதில் அசலில் கழியும் தொகைக்கு, கட்டிய தேதியிலிருந்து வட்டி ஓடாது. மிச்சம் பிடித்த காசு வீட்டு டப்பாவில் இருந்தால் அது வேறு செலவுக்குப் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, எல்லா நகையையும் ஒரே பொட்டலமாக வைக்காதீர்கள். பத்துப் பவுனை ஒரே கடனாக வைத்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு மூக்குத்திகூட வெளியே வராது. மூன்று நான்கு கடனாகப் பிரித்து வைத்தால் சின்னதை முதலில் மீட்கலாம். கவுன்ட்டரில் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்கு வேலை கூடுகிறது. சுளிக்கட்டும்.

வட்டியைச் சதவீதத்தில் பேசப் பழகுங்கள். "ரெண்டு வட்டிதான்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். மாசம் நூற்றுக்கு 2 என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 24,000. வங்கியில் 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 9,000. நடுவில் உள்ள 15,000 ரூபாயை எந்த மளிகை லிஸ்ட்டில் குறைப்பீர்கள்?

அப்புறம், ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் நகைக்கடனுக்குப் புது விதிமுறை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் அதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் அதிகபட்சம் 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. அதிகம் தருகிறார்களே என்று முழுசாக வாங்கிவிடாதீர்கள். தம்பி பட்ட பாட்டுக்கும் அதில் வழி இருக்கிறது: சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டால் கடனைப் புதுப்பிக்கலாம், வங்கி சம்மதிக்க வேண்டும். முழுப் பணம் கட்டிய பிறகு நகையை அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும். அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. ஏலத்துக்குப் போனால், கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

மூத்த மருமகள்:

ஐயா, நன்றி. ஆனால் நான் கேட்டது வேறு.

தையல் மெஷின்:

இரவு ஷிப்ட் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செலவைக் குறைத்து என்ன ஆகும் என்று எங்கள் வீட்டிலும் ஒருத்தர் கேட்டார். என் அண்ணன்.

2021. கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகைக்குத் தள்ளுபடி வரப்போகிறது, ஐந்து பவுன் வரைக்கும். "வட்டி கட்டாத, சும்மா இரு, கவர்மென்ட்டே கட்டும்" என்றான். நான் பிளவுஸ் தைத்துச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வாசலில் நின்று மறிப்பான். அம்மா பேரில் ஒரு கடன், என் பேரில் ஒரு கடன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே ஐந்து பவுனுக்குள்.

சங்கத்தில் போய் நின்றோம். லெட்ஜரில் அம்மா பேரின் மேல் விரல் வைத்தார் ஒருவர். அப்புறம் பக்கம் புரட்டி என் பேரின் மேல் விரல் வைத்தார். "ஒரே கார்டுதானே?" ஒரே ரேஷன் கார்டுதான். குடும்பத்துக்கு மொத்தமாக 40 கிராமைத் தாண்டினால் கிடையாது. இரண்டையும் கால்குலேட்டரில் கூட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார், வாயால் சொல்லவில்லை. அண்ணன் அதற்குள் வெளியே போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டான்.

ஏறிய வட்டியை யார் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் தீபாவளிக்கு வந்தால், "அந்த அதிகாரி சரியில்ல" என்றுதான் பேசுகிறான். நான் இலை போடுவேன், பேச மாட்டேன்.

அதனால் தம்பி, பால் பாக்கெட்டைக் குறைப்பது கேவலம் இல்லை. உங்கள் கமிஷன் ஆளுக்குக் கொடுக்க அந்த ஆறு மாத மிச்சமாவது இருந்ததே, அது இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?

மாடி போர்ஷன்:

கரண்ட் பில் பற்றி யாரும் எழுதவில்லையே.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது எங்கள் வீட்டில் எல்லைக்கோடு. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, 100-க்கும் 200-க்கும் நடுவில் உள்ளதற்கும் மலிவு விலை போய்விடும். அப்பா மீட்டரை டார்ச் அடித்துப் பார்ப்பார், காலண்டரில் எழுதுவார்.

கணக்கெடுக்க வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம் 494. அப்பா மெயினையே இறக்கிவிட்டார். எல்லாரும் மொட்டை மாடிக்குப் பாயோடு போய்விட்டோம். அந்த நேரம் பார்த்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்ல வந்துவிட்டார்கள். கீழே இருட்டு. அம்மா மெழுகுவர்த்தியோடு ஓடுகிறாள். வந்த பெரியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பக்கத்துல எல்லாம் எரியுதே?" என்றார். அப்பா அசரவில்லை: "எங்களுக்கு வேற ஃபேஸ்."

சம்பந்தம் அமைந்தது, அது வேறு கதை. ஆனால் ரீடிங் எடுப்பவர் மறுநாள் வரவில்லை. மூன்று நாள் கழித்து வந்தார். 511.

மொய் நோட்டு:

மாடி போர்ஷன், சிரித்துவிட்டேன். இப்போது அந்தப் பெரியவர் உங்கள் மாமனாரா?

மாடி போர்ஷன்:

ஆமாம். இன்னும் கேட்பார், "உங்க வீட்ல அந்த ஃபேஸ் சரியாச்சா?"

இரவு ஷிப்ட்:

தையல் மெஷின் அக்கா, நான் கேவலம் என்று எங்கே சொன்னேன்? குறைக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. குறைத்ததை யார் தின்கிறார்கள் என்று பாருங்கள் என்றுதான் சொன்னேன். உங்கள் அண்ணன் கதையும் அதுதானே? நீங்கள் தைத்தீர்கள், வட்டி தின்றது. பேச்சு வேறு மாதிரி வந்திருந்தால் மன்னிக்கவும்.

தையல் மெஷின்:

மன்னிப்பெல்லாம் எதற்கு. ஆனால் தின்னும் என்று தெரிந்தும் ஆண்கள்தான் முதலில் கையை விரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

கடைசித் தம்பி:

அக்கா, எல்லா ஆண்களும் அப்படி இல்லை. எங்கள் வீட்டில் செலவைக் குறைக்க ஒத்துக்கொள்ளாதது அண்ணிதான். சரி, நான் எழுதினால் நாளைக்கு யாராவது அண்ணிக்குக் காட்டிவிடுவார்கள். வேண்டாம்.

ஓய்வுபெற்ற கேஷியர்:

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். நகையை மீட்கும்போது கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் அங்கேயே எடை போடச் சொல்லுங்கள். வைக்கும்போது கொடுத்த சீட்டில் மொத்த எடை, கல் போக நிகர எடை இரண்டும் இருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளியே வந்து சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இரவு ஷிப்ட்:

ஐயா, ஒரு சந்தேகம். திரும்ப வைத்த நகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஓவர்டைம் பணம் 12,000 வந்திருக்கிறது. கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே போய்க் கட்டினால் வாங்குவார்களா, அல்லது மேனேஜருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற கேஷியர்:

எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. சலானில் நகைக்கடன் கணக்கு எண்ணைப் போட்டுக் கட்டுங்கள், சேமிப்புக் கணக்கு எண்ணைப் போட்டுவிடாதீர்கள். கட்டிய கையோடு பாக்கி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அதுவரை சேர்ந்த வட்டிக்குப் போகும், மீதிதான் அசலில் கழியும். வருஷக் கடைசியில்தான் வாங்குவோம் என்றால், அந்தக் கிளையில் யார் சொன்னது என்று பேரைக் கேளுங்கள். பேரைக் கேட்டாலே பாதி வேலை நடக்கும்.

இரவு ஷிப்ட்:

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து நேராகப் போகிறேன். வாங்க மாட்டேன் என்றால் இங்கேதான் வந்து திட்டுவேன்.