பகிர்வு சைக்கிள்: மனத்தை விட்டுப் போகாத ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

உட்லண்ட்ஸ்வாசி:

சிங்கப்பூரில் செயலியில் பூட்டைத் திறந்து வாடகைக்கு ஓட்டுகிறோமே, அந்தப் பகிர்வு சைக்கிளால் நன்மையா, தொல்லையா என்று நேற்று வீட்டில் பேச்சு வந்தது. மகன் நன்மை என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்பதை இங்கே சொல்கிறேன்.

2017. மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்தி, அங்குள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் எடுத்தால்தான் பயணம் ஒழுங்காக முடியும் என்ற விதி வராத காலம். இறங்கிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் அன்றைக்குப் பெரிய கவர்ச்சி. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், எம்ஆர்டி ரயில் நிலைய வாசலுக்கு நேராக, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்ட நடைபாதையில் புடைத்த கற்கள் பதித்திருப்பார்களே, அவற்றின் மேலேயே நிறுத்திப் பூட்டினேன். பத்தடி நடந்திருப்பேன், பின்னால் ‘டக்’ என்று சத்தம். வெள்ளைக் கோலுடன் ஒரு பெரியவர். கோலின் முனை பின்சக்கரக் கம்பிகளுக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. குனிந்து கையால் தடவினார். முதலில் இருக்கை, பிறகு கைப்பிடி. மணியில் விரல் பட்டு அது அடித்தபோதுதான் என்ன பொருள் என்று அவருக்குத் தெரிந்தது. முகத்தில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

ஓடிப்போய்க் கோலை எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொன்னார். வைத்தவனே நான்தான் என்று சொல்ல நா எழவில்லை. அந்த நன்றி இன்னும் உறுத்துகிறது.

துவாஸ் இரவுப்பணி:

அண்ணா, உங்கள் மகன் சொன்னதுதான் சரி. தப்பான இடத்தில் நிறுத்தியது நீங்கள். சைக்கிள் என்ன செய்யும்?

எங்கள் விடுதியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கே இருபது நிமிட நடை. ஓவர்டைம் முடிந்து வெளியே வரும்போது கடைசி பஸ் போயிருக்கும். டாக்சியில் ஏறினால் ஓவர்டைம் பார்த்த காசு அதிலேயே கரைந்துவிடும். அரை மணி நேரத்துக்கு 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து மிதித்துப் போவதை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை. கப்பல் பட்டறையில் பத்து மணி நேரம் நின்ற காலுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது நின்றவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒரு நாள் நடந்ததை மறக்க முடியவில்லை. நல்ல மழை, நள்ளிரவு தாண்டிவிட்டது. விடுதிக்குப் பக்கத்து மஞ்சள் கட்டத்துக்குள் ஒழுங்காகத்தான் நிறுத்தினேன். கியூஆர் ஒட்டியிருந்த தகட்டை யாரோ ஆணியால் கீறி வைத்திருந்தார்கள். சட்டையால் துடைத்து, கைப்பேசி விளக்கைப் பிடித்து, குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்று, எப்படிப் பார்த்தும் எடுக்கவில்லை. கைப்பேசியில் சார்ஜ் வேறு தீரப்போகிறது. வேறு வழியின்றி கியூஆர் எடுக்காமலேயே பயணத்தை முடித்தேன். அதற்குக் கட்டணமாக 5 வெள்ளி போய்விட்டது. எனக்கு அது இரண்டு வேளைச் சாப்பாடு. கட்டத்துக்குள் சைக்கிள் நிற்கிறது, பக்கத்தில் நான் நிற்கிறேன். ஆனாலும் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போனவன் என்று என் பெயரில் பதிவாகிவிட்டது. காசைவிட அதுதான் வலித்தது.

பழைய மெக்கானிக்:

பொங்கோலில் நீர்வழிப் பாலத்துச் சரிவில் முன்பிரேக்கைப் பிடித்தேன், கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது, சக்கரம் நிற்கவில்லை. எதிரே தள்ளுவண்டியில் குழந்தை. இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினேன். செருப்பின் அடி தேய்ந்து உள்ளங்கால் தெரிந்தது. இவ்வளவுதான் என் கதை.

துவாஸ் தம்பிக்குச் சொல்கிறேன், மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கியூஆர் எடுக்காவிட்டால், மஞ்சள் கட்டமும் சைக்கிள் எண்ணும் ஒரே படத்தில் விழும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அடுக்குமாடி புளோக் எண்ணோ விளக்குக்கம்பமோ தெரிந்தால் இன்னும் நல்லது. அந்தப் படத்தோடு சைக்கிள் நிறுவனத்துக்கு அன்றே எழுதுங்கள். ஏன் என்றால் 5 வெள்ளியோடு அது நிற்பதில்லை. ஒரே ஆண்டில் மூன்று முறை பதிவானால் எல்லா நிறுவனச் சைக்கிளுக்கும் ஒரு மாதம் தடை. 2019 ஜனவரி முதல் இதுதான் விதி.

ஏறும் முன் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் அந்த வண்டி வேண்டாம். பூட்டைத் திறப்பதற்கு முன்பே டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், திறந்துவிட்டால் காசு ஓட ஆரம்பித்துவிடும். இருக்கை உயரம்: கீழே இறங்கிய மிதியில் குதிகால் வைத்தால் கால் நீள வேண்டும். குட்டையாக வைத்து மிதித்துவிட்டு முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளைத் திட்டுகிறவர்கள் அதிகம். சங்கிலி கறகறவென்றால் விட்டுவிடுங்கள். மழையில் சாலையில் பூசிய கோடுகளின் மேல் வளைக்காதீர்கள். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25, அதற்கு மேல் கூடாது. முதியவர் எதிரில் வந்தால் மணியை அடிக்காதீர்கள், இறங்கித் தள்ளுங்கள். மணிச்சத்தத்தில் அவர்கள் எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று சொல்ல முடியாது.

பொங்கோல் அக்கா:

ஐயா, இவ்வளவும் சொன்னீர்கள், துப்பட்டாவை விட்டுவிட்டீர்கள்.

நாற்பத்துமூன்று வயதில்தான் சைக்கிள் கற்றேன். பதினான்காம் மாடியில் வீடு. சொந்தமாக வாங்கினால் தாழ்வாரத்தில் இடிக்கும், கீழே கட்டி வைத்தால் காணாமல் போகும். பக்கத்து வீட்டில் இரண்டு முறை போனது. அதனால் எனக்கு இது வரம்தான். ஆனால் ஒரு மாலை, ஓடையோரப் பாதையில், கழுத்தை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல் இருந்தது. துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கீழே விழவில்லை, ஆனால் தலையைத் திருப்ப முடியவில்லை. மூச்சு முட்டுகிறது.

எதிரே வந்த மலாய்ப் பாட்டி ஒருவர் கையிலிருந்த காய்கறிப் பையைத் தரையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கமாக, விரல் விரலாகச் சுற்றினார். “பெலான், பெலான்” என்றார். மெல்ல, மெல்ல. நான் மிதியை அழுத்திக்கொண்டு நின்றதுதான் இறுக்கியிருக்கிறது. காலை எடுத்ததும் துணி தளர்ந்தது. கிரீஸ் படிந்த விரல்களை என் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் துப்பட்டாவை நான் துவைக்கவில்லை.

உட்லண்ட்ஸ் அண்ணா, உங்களை நான் குறை சொல்லமாட்டேன். இப்போது கட்டம் வந்த பிறகும் எங்கள் பாதையில் குறுக்கே கிடக்கத்தான் செய்கிறது.

லாரியில் நின்றவன்:

எட்டு மாதம் இந்தச் சைக்கிள்களை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தேன். காலையில் எல்லாரும் புளோக்கிலிருந்து எம்ஆர்டிக்கு மிதிப்பார்கள். ஒன்பது மணிக்கு நிலையத்தில் குவியல், புளோக்கில் வெறும் கட்டம். மாலையில் தலைகீழ். இதைச் சமன் செய்ய லாரி வேண்டும், டீசல் வேண்டும், எங்கள் முதுகு வேண்டும். புகை இல்லாத வாகனம் என்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு புளோக்கில் கட்டம் நிரம்பி வழிகிறது என்று தொடர்ந்து புகார். விடிவதற்குள் அள்ளிவிடச் சொன்னார்கள். ஆறு மணி சுமாருக்குக் கடைசி சைக்கிளையும் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டோம். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் ஓடி வந்தான். “அங்கிள், இங்கே ஒன்று இருப்பதாகக் காட்டுகிறது” என்று கைப்பேசியை நீட்டினான். பார்த்தேன். வரைபடத்தில் அந்தப் புள்ளி எங்கள் லாரியின் மேலேயே நின்றது. ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். புள்ளி நகர ஆரம்பித்திருக்கும். பையன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவிழ்த்து ஒன்றை இறக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

ஈசூன் 7:

எல்லாரும் பாதையையும் கட்டத்தையும் பேசுகிறீர்கள், பணத்தை மறந்துவிட்டீர்கள். 2018 ஜூன் கடைசியில் ஒரு நிறுவனம் திடீரென்று கடையைக் கட்டியது நினைவிருக்கிறதா? என் வைப்புத்தொகை 49 வெள்ளி, மனைவியுடையது 49. செயலியில் திருப்பிக் கேட்கும் பொத்தானை அழுத்தினேன். சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றியது. இன்றுவரை வரவில்லை.

லாரித் தம்பி சொன்னதற்கும் ஒரு வார்த்தை. சைக்கிளுக்கென்றே அமைத்த நிலையத்தில் கொண்டுவந்து பூட்டும் முறையை ஜூரோங்கில் தொடங்க அரசு திட்டம் வைத்திருந்தது. 2017இல் தனியார் சைக்கிள்கள் அரசுச் செலவில்லாமல் வந்து இறங்கியதும் அதைக் கைவிட்டார்கள். அன்றைக்கு அது நடந்திருந்தால் வெள்ளைக் கோல் பெரியவர் சிக்கியிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

துவாஸ் இரவுப்பணி:

ஈசூன் அண்ணா, பூட்டும் நிலையம் என்றால் எம்ஆர்டி பக்கத்தில் வைப்பார்கள், கடைத்தொகுதியில் வைப்பார்கள். எங்கள் விடுதி வாசலில் யார் வைக்கப்போகிறார்கள்? எங்கும் விடலாம் என்று வந்ததால்தான் எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. வைப்புத்தொகை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். இப்போது நான் எடுக்கும் சைக்கிளுக்கு யாரும் வைப்புத்தொகை கேட்கவில்லை.

மெக்கானிக் ஐயா, நேற்றிரவு நீங்கள் சொன்னபடி படம் எடுத்தேன். கட்டத்துக்குள் நான்கு சைக்கிள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. நிமிர்த்தி ஓரமாக வைத்த பிறகுதான் என்னுடையதற்கு இடம் கிடைத்தது. தகட்டைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். முதல் தடவையிலேயே எடுத்துவிட்டது.