இருமொழி வகுப்பில் படிக்கும் பிள்ளைகள்: மறக்க முடியாத ஒரு சம்பவம்

ரைன்கரை:
மகன் பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்கில் இருமொழி வகுப்பு. வாரத்தில் 12 மணி நேரம் பிரெஞ்சு, 12 மணி நேரம் ஜெர்மன். 2017இல் டிராம் வந்த பிறகு ரைன் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஜெர்மன் ஊரான கேல் எங்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. சென்ற மாதம் போனபோது, இரண்டு பிரெட்ஸல் ரொட்டி கேட்பதற்கான ஜெர்மன் வாக்கியத்தை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கடையில் பிசகாமல் சொல்லியும்விட்டான். கடைக்கார அம்மாள் சிரித்த முகத்தோடு பிரெஞ்சில் விலை சொன்னார். நீட்டிய காசை அவன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்: "நான் தப்பாகச் சொன்னேனா அப்பா?"

மோசெல்வாசி:
இங்கே லக்சம்பர்க்கில் தொடக்கப் பள்ளியில் கணக்கு ஜெர்மனில். உயர்நிலைக்குப் போனதும் பிரெஞ்சு. மாறிய முதல் வாரம் மகளுக்கு எண்களை வாசித்துக்கொண்டிருந்தேன். 87 பிரெஞ்சில் "நான்கு இருபது ஏழு", ஜெர்மனில் "ஏழும் எண்பதும்". 4 20 7 என்று எழுதினாள், அடித்தாள். 78 என்று எழுதி அதையும் அடித்தாள். பென்சில் முனை ஒடிந்தது. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் அவள்.

சார்லாந்துக்காரர்:
ரைன்கரை ஐயா, கடைக்கார அம்மாளைக் குறை சொல்லாதீர்கள். தாய்மொழியோடு இன்னும் 2 மொழி கற்பிக்க வேண்டும் என்று 2002இல் பார்சிலோனாவில் ஐரோப்பியத் தலைவர்கள் சொன்னது ரொட்டிக் கடைக்குத் தெரிய வேண்டுமா? என் மகளும் இப்படித்தான் வாயடைத்துப் போனாள்; வால்டேர் என்ற பிரெஞ்சு-ஜெர்மன் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போய் வந்த பிறகுதான் சரியானாள். நீங்களும் அனுப்புங்கள். 6 மாதம் உங்கள் பிள்ளை ஜெர்மன் வீட்டில், அடுத்த 6 மாதம் அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வீட்டில். குளியலறைக்கு யார் முதலில் போவது என்று சண்டை வந்தால் மொழி தானாக வரும். சாம்பாருக்கு முகம் சுளித்தால் கவலை வேண்டாம், இரண்டாவது வாரம் தட்டை நீட்டுவார்கள். தினமும் அரை மணி ஜெர்மன் கார்ட்டூன், திரையின் அடியில் எழுத்து ஓடாமல். மோசெல்வாசி அம்மா, வாய்ப்பாட்டைத் தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கலாமே. எண்பத்தேழு, சொல்கிற வரிசையிலேயே எழுதிவிடலாம்.

மோசெல்வாசி:
இருக்கிற குழப்பம் போதாதென்று இன்னொன்றா?

ரைன்கரை:
நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த அம்மாள் அன்பாகத்தான் பேசினார், அதுதான் சிக்கலே. மகனுக்கு 9 வயதுதான், வால்டேருக்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. நேற்று மறுபடி கேல் போனோம். கடைக்கு நாலு அடி முன்பே காசை என் கையில் திணித்துவிட்டு, "நீங்களே வாங்கி வாருங்கள் அப்பா" என்று நின்றுவிட்டான்.