முழங்கால் மூட்டுத் தேய்மான ஆய்வுக்குத் தன்னார்வலர் பதிவேட்டிலிருந்து ஆள் சேர்க்கலாமா?

கேள்வி – ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சி எவ்வளவு பயன் தருகிறது என்பதை, வழக்கமான ஆலோசனை மட்டும் பெறுபவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வொன்றில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எங்களுக்கு மொத்தம் 240 பேர் தேவை. அவர்கள் 50 வயதைக் கடந்திருக்க வேண்டும்; மூன்று மாதத்துக்கு மேலாக வலி இருக்க வேண்டும்; எக்ஸ்ரேயில், தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரப்படுத்தும் கெல்கிரன்–லாரன்ஸ் அளவுகோலின்படி 2 அல்லது 3ஆம் நிலைத் தேய்மானம் தெரிய வேண்டும். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், கடந்த ஆறு மாதத்துக்குள் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களும் சேர முடியாது.

புறநோயாளிப் பிரிவுக்கு வாரந்தோறும் வருகிறவர்களை எண்ணிப் பார்த்த எங்கள் மருத்துவர்கள், எட்டு மாதத்தில் ஆட்கள் நிறைந்துவிடுவார்கள் என்று கணித்திருந்தார்கள். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இதுவரை 41 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். ஆய்வுகளில் பங்கேற்க விருப்பம் தெரிவித்துப் பெயர் கொடுத்தவர்களின் பதிவேட்டைப் பயன்படுத்தலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். பதிவு செய்யும்போதே அவர்கள் சம்மதம் தந்துவிட்டதால் வேலை எளிதாக முடியும் என்பது அவருடைய கருத்து. இன்னொருவரோ, மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் பழைய நோயாளிகளின் தொலைபேசி எண்களைத் தொகுத்து நாமே ஒரு பதிவேடு உருவாக்கிவிடலாம் என்கிறார். இரண்டிலும் ஏதோ இடறுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 – பல ஆய்வுகளில் ஆள்சேர்ப்பைக் கவனித்தவர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மருத்துவர்கள் தவறிய இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் தவறியிருக்கிறோம். ஓர் ஆய்வு தொடங்கியதும் தகுதியுள்ள நோயாளிகளின் எண்ணிக்கை சட்டென்று சுருங்கிவிடும், ஆய்வு முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும் என்று அமெரிக்க மருந்தியலாளர் லூயி லசாக்னா பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொன்னார். ஆய்வாளர்களிடையே அது லசாக்னா விதி என்றே வழங்குகிறது. மூட்டு வலியோடு வருகிற ஒவ்வொருவரும் மருத்துவருக்குத் தகுதியானவராகத்தான் தெரிவார். ஊசி போட்டுக்கொண்டவர், வலி தொடங்கி ஒரு மாதமே ஆனவர், வாரம் இருமுறை பயிற்சிக்கு வர வழியில்லாதவர், எந்தக் குழுவில் சேர்க்கப்படுவோம் என்பது குலுக்கலில் தீர்மானமாவதை விரும்பாதவர் என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வரும்போதுதான் உண்மையான எண்ணிக்கை தெரியும்.

பதிவேட்டில் உள்ளவர்கள் ஆய்வு என்றால் என்ன என்று ஓரளவு அறிந்து, தாமாகவே முன்வந்தவர்கள். ஆகவே அந்தக் கழித்தலில் மிகப் பெரிய பகுதியாகிய மனத்தடை பெரும்பாலும் நீங்கியிருக்கும். பதிவேட்டின் பயன் இதுதான். இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பதிவேடு என்ற சொல்லால் உங்கள் குழுவில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ் போன்றவை ஆய்வுகளைப் பட்டியலிடுபவை. நாம் பேசுவது மனிதர்களைப் பட்டியலிடும் பதிவேடு. இவற்றிலும் எல்லாம் ஒரே முறையில் இயங்குவதில்லை. அமெரிக்காவில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் நடத்தும் ரிசர்ச்மேட்ச் 2009இல் தொடங்கியது. அதில் நெறிமுறைக் குழுவின் (பங்கேற்பாளர்களின் நலன் காக்க ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழு) அனுமதி பெற்ற ஆய்வாளர், பெயரோ முகவரியோ இல்லாத விவரங்களில் தேடி, தனக்குப் பொருந்துகிறவர்களுக்குப் பதிவேட்டின் வழியாகவே செய்தி அனுப்ப வேண்டும். பெறுகிறவர் சம்மதம் என்று பதில் அளித்த பிறகே அவருடைய தொடர்பு விவரம் ஆய்வாளரின் கைக்கு வரும். பிரிட்டனில் 2015இல் நாடு முழுவதும் அறிமுகமான ஜாயின் டிமென்ஷியா ரிசர்ச்சில், மறதி நோயாளியின் சார்பாக அவரைக் கவனித்துக்கொள்கிறவரே பதிவு செய்யலாம். நோய் இல்லாதவர்களும் சேரலாம். ஸ்காட்லாந்தின் ஷேர் பதிவேட்டில் சேர்கிறவர்கள், தங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தே பொருத்தம் கண்டறிய இசைவு தருகிறார்கள். உங்களுக்குக் கிடைக்கவிருக்கும் பதிவேடு இவற்றுள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே உங்கள் வேலையின் அளவு அமையும்.

பெரும்பாலான பதிவேடுகளில் நோய் விவரம் அவரவர் சொன்னதுதான். 'மூட்டு வலி' என்று குறித்தவருக்கு முடக்குவாதம் இருக்கலாம், யூரிக் அமிலத்தால் வந்த வீக்கம் இருக்கலாம், பழைய விளையாட்டுக் காயம் இருக்கலாம். மூன்று ஆண்டுக்கு முன் பதிவு செய்தவர் அதற்குள் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்கலாம். எனவே எக்ஸ்ரேவுக்கு அழைக்கும் முன் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சை, ஊசி, பயிற்சிக்கு வந்துபோகும் வசதி ஆகிய மூன்றையும் முதலில் கேட்டுவிட்டால், தகுதியில்லாத ஒருவரை அரை மணி நேரம் பேசவைத்துவிட்டு ஏமாற்றி அனுப்பும் நிலை வராது.

இன்னொன்று, ஒரே நாளில் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பிவிடாதீர்கள். முதலில் 100 பேருக்கு அனுப்புங்கள். அவர்களில் பதில் தந்தவர் எத்தனை பேர், தொலைபேசிக் கேள்விகளைத் தாண்டியவர் எத்தனை பேர், எக்ஸ்ரேயில் தேறியவர் எத்தனை பேர், கடைசியில் கையெழுத்திட்டவர் எத்தனை பேர் என்று எழுதிவைத்தால், இன்னும் வேண்டியிருக்கும் 199 பேருக்கு எத்தனை அழைப்புகள் தேவை என்பதை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே பின்னோக்கிக் கணித்துவிடலாம். அடுத்தடுத்த தொகுதிகளை, உங்கள் ஊழியர்கள் ஒரு வாரத்தில் எத்தனை பேரை அழைத்துப் பேச முடியுமோ அந்த அளவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் சொன்னவரை மூன்று வாரம் காக்கவைத்தால் அவர் மனம் மாறிவிடும்.

மறுமொழி 2 – நெறிமுறைக் குழு உறுப்பினர்

சம்மதம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று உங்கள் சக ஊழியர் நினைப்பதைத் தயவுசெய்து இப்போதே திருத்திவிடுங்கள். பதிவேட்டில் சேரும்போது ஒருவர் தருவது, பொருத்தமான ஆய்வு இருந்தால் என்னைத் தொடர்புகொள்ளலாம் என்ற இசைவு. உங்கள் ஆய்வின் பெயரைக்கூட அப்போது அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பயிற்சியால் வரக்கூடிய வலி, எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, குலுக்கல் முறை, எந்த நேரத்திலும் விலகும் உரிமை ஆகிய அனைத்தையும் விளக்கி, யோசிக்க அவகாசம் கொடுத்து, ஆய்வுக்கான ஒப்புதலைத் தனியாகப் பெற்றே ஆக வேண்டும். தொலைபேசியில் கேட்கும் முன்கேள்விகளும் உடல்நலத் தகவலைச் சேகரிப்பவைதாம். அவற்றுக்கும் முதலில் அனுமதி கேளுங்கள். தகுதி பெறாதவர்களின் விவரங்களை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தொலைபேசி எண்களைத் தொகுப்பது பற்றிய என் கருத்து உறுதியானது: அப்படிச் செய்யாதீர்கள். சிகிச்சைக்காகக் கொடுத்த எண்ணை ஆய்வுக்காகப் பயன்படுத்துவது அந்த நோயாளி வைத்த நம்பிக்கைக்கு மாறானது, பல நாடுகளின் தகவல் பாதுகாப்புச் சட்டங்களுக்கும் முரணானது. நோயாளி ஒருவர் தன் மருத்துவரைச் சார்ந்திருக்கும்போது மிகுந்த கவனம் தேவை என்றும், அத்தகைய நிலையில் அந்த உறவுக்கு வெளியே உள்ள, தகுதி வாய்ந்த ஒருவரே ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும், மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் நெறிகளாகிய ஹெல்சிங்கி பிரகடனம் கூறுகிறது. மறுத்தால் அடுத்த முறை மருத்துவர் எப்படி நடத்துவாரோ என்ற தயக்கத்தில் தலையசைப்பவரின் ஒப்புதலைச் சுதந்திரமான ஒப்புதல் என்று நான் ஏற்கமாட்டேன். பதிவேட்டிலிருந்து வருகிறவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பதிவேடுகளை ஆதரிக்கிறேன். உங்களுக்கென்று ஒரு பதிவேடு வேண்டுமென்றால், காத்திருப்புப் பகுதியில் ஒரு படிவம் வைத்து, விரும்புகிறவர்கள் தாங்களே நிரப்பட்டும். எண்ணிக்கை மெதுவாகத்தான் உயரும்.

அனுப்பும் செய்தியின் வாசகமும் எங்கள் அனுமதிக்கு உட்பட்டது. "வலியிலிருந்து விடுதலை" என்ற தொனியில் எழுதிக்கொண்டு வராதீர்கள். ஆய்வில் சேர்வதையே சிகிச்சை பெறுவதாக மக்கள் எண்ணிவிடுவது நாங்கள் அடிக்கடி காணும் தவறான புரிதல். மின்னஞ்சலின் தலைப்பு வரியில் நோயின் பெயர் இருக்கவும் கூடாது, ஏனென்றால் குடும்பத்தில் பலர் ஒரே மின்னஞ்சலைப் பார்க்கும் வீடுகள் உண்டு. பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 – உயிரியல் புள்ளியியல் பணியில் இருப்பவர்

பதிவேட்டுக்கு முன்வருகிறவர்கள் பொதுமக்களின் சராசரி உருவம் அல்லர். பிரிட்டனில் மக்களின் உடல்நலத்தை நீண்ட காலம் பின்தொடரும் பெரிய ஆய்வாகிய யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை சுமார் 92 லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பியதில் ஐந்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். அதாவது நூற்றுக்கு ஐந்தரைப் பேர். அது நீங்கள் சொல்லும் வகைப் பதிவேடு அன்று. ஆயினும் பாடம் இங்கும் பொருந்தும்: சேர்ந்தவர்களிடையே புகைபிடிப்பவர்களும் உடற்பருமன் உள்ளவர்களும் பொதுமக்களிடையே இருப்பதைவிடக் குறைவாகவே இருந்தார்கள்.

உங்கள் ஆய்வில் இது எங்கே இடிக்கும் என்றால், ஆலோசனை மட்டும் பெறும் குழுவில்தான். ஆய்வுகளில் ஆர்வமுள்ளவர் தாமாகவே நடைப்பயிற்சியைத் தொடங்கிவிடக்கூடும். அப்போது இரு குழுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுருங்கிவிடும். குலுக்கல் முறை இரு குழுக்களையும் ஒப்பிடத்தக்கவையாக வைத்திருக்கும், ஆனால் முடிவு யாருக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு அது பதில் தராது. ஒவ்வொருவரும் எந்த வழியாக வந்தார், சேரும்முன் எவ்வளவு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார் என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். முடிவுகளை எழுதும்போது ஆள்சேர்ப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் படமாகக் காட்டச் சொல்லும் கன்சார்ட் நெறிக்கும் அது உதவும்.

பதிவேட்டால் வயது வாரியான சமநிலையைக் காக்கவும் முடியும். 2020 ஜூலையில் பிரிட்டன் தொடங்கிய கோவிட் தடுப்பூசி ஆய்வுக்கான தன்னார்வலர் பதிவேட்டில் லட்சக்கணக்கானோர் பெயர் கொடுத்தார்கள். அதன் உதவியோடு அங்கு நடந்த நோவாவாக்ஸ் ஆய்வில் 15,000க்கும் மேற்பட்டோர் சுமார் இரண்டு மாதத்தில் சேர்ந்தார்கள், அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் 65 வயதைத் தொட்டவர்களோ கடந்தவர்களோ ஆவர். முதியவர்களைச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நீங்களும் 70 வயதைக் கடந்தவர்களுக்கு முதலில் அழைப்பு அனுப்பிப் பாருங்கள்.

மறுமொழி 4 – பதிவேட்டில் பெயர் கொடுத்திருப்பவர்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். என் தாயாரின் நோய்க்கு அன்று மருந்து இல்லாமல் போனதால், என்னால் ஆனதைச் செய்யலாம் என்று பெயர் கொடுத்தேன். ஒருமுறை அழைப்பு வந்தது. சம்மதம் என்று அன்றே பதில் அனுப்பினேன். தொலைபேசியில் இருபது நிமிடம் என் உடல்நிலையைப் பற்றிக் கேட்டார்கள். அதன் பிறகு ஒரு சொல்லும் இல்லை. தகுதி இல்லை என்று அவர்கள் எழுதியிருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. பதிலுக்காக இரண்டு மாதம் காத்திருந்ததுதான் வருத்தம். உங்கள் ஆய்வில் தேறாதவர்களுக்கும் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள், அம்மா. என்ன காரணத்தால் என்பதையும் அதில் சொல்லுங்கள். நாங்கள் அதைப் புரிந்துகொள்வோம்.

கேள்வி கேட்டவரின் பதில்

நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. தொலைபேசி எண்களைத் தொகுக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். காத்திருப்புப் பகுதியில் வைப்பதற்கான படிவத்தை இன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். பதிவேட்டின் வழி அழைப்பு அனுப்ப அனுமதி கோரி, ஆய்வுத் திட்டத்தில் ஒரு திருத்தத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புகிறோம். அழைப்பின் வாசகம், தொலைபேசிக் கேள்விகள் ஆகியவற்றோடு, தகுதி பெறாதவர்களுக்கான கடிதத்தையும் அதில் இணைத்துவிட்டேன். ஒரு வாரத்துக்குள் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று எங்களுக்கே ஒரு கெடுவும் வைத்துக்கொண்டோம். ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது: தேறாதவர்களின் விவரத்தை அழித்துவிட்டால், பின்னாளில் அவர்களையே மீண்டும் தவறுதலாக அழைத்துவிட மாட்டோமா?

மறுமொழி 2 எழுதியவர்

நல்ல கேள்வி. உடல்நல விவரங்களை அழித்துவிட்டு, பதிவேடு தந்த குறியீட்டு எண்ணையும் 'மீண்டும் அழைக்க வேண்டாம்' என்ற குறிப்பையும் மட்டும் வைத்திருங்கள். பெயர் தேவையில்லை. ஊசி போட்டு ஆறு மாதம் ஆகாததால் மட்டுமே தேறாதவர் என்றால், தகுதிக்காலம் வந்ததும் மறுபடி கேட்கலாமா என்று அவரிடமே கேட்டு, இசைந்தால் அந்தத் தேதியையும் குறியீட்டு எண்ணின் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டையும் அதே திருத்தத்தில் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.