பூசணிக் கொடிக்கு மூடாக்கு: வைக்கோலா, காய்ந்த புல்லா?

கொடிவேலி எழுதியது:

வணக்கம். பத்துக் குழி பூசணி போட்டிருக்கிறேன், குழிக்கு இரண்டு செடி. நாலைந்து இலை விட்டுக் கொடி ஓட ஆரம்பிக்கிற நிலை. போன முறை நன்றாகக் காய் பிடித்தது, ஆனால் தரையில் படுத்திருந்த பக்கம் நீர் கோத்து அழுகி, பாதிக்கு மேல் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த காய்கள், மனசே ஆறவில்லை. அதனால் இந்த முறை கட்டாயம் மண்ணை மூடுகிற மாதிரி மேலே மூடாக்குப் பரப்பப் போகிறேன்.

கையில் பத்துக் கட்டு வைக்கோல் இருக்கிறது. அது போக, பக்கத்துத் தோட்டத்தில் மாடு வளர்ப்பவர், மழையில் நனைந்து மாடு தின்னாமல் விட்ட காய்ந்த புல் ஒரு குவியல் கிடக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? கலந்து போடலாமா, எவ்வளவு கனம் போட வேண்டும்? வைக்கோல் மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கிவிடும் என்றும் ஒருவர் பயமுறுத்துகிறார், அது உண்மையா?

மண்புழு எழுதியது:

இரண்டும் ஒன்றல்ல. வைக்கோல் என்பது கதிர் அடித்து மணியை எடுத்த பிறகு மிஞ்சும் தாள், அதில் விதை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். காய்ந்த புல் அப்படியில்லை, தீவனத்துக்காகப் பூவும் விதையுமாகச் சேர்த்து அறுத்துக் காயவைத்தது. களையை அடக்க அதைப் பரப்பப் போய், நாமே களையை விதைத்த கதையாகிவிடும். எனக்கு அது நடந்திருக்கிறது. கொடி படர்ந்த பிறகு உள்ளே கால் வைக்க முடியாது, புல் இடுப்பளவு நின்றது, காயைத் தேடித்தான் பறித்தேன்.

தழைச்சத்து பற்றிச் சொன்னது பாதி உண்மை. கோதுமை வைக்கோலை எடுத்துக்கொண்டால் 80 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்ற அளவில்தான் இருக்கும். அதை மட்கவைக்கிற நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் மேலே பரப்பினால் வைக்கோல் மண்ணைத் தொடுகிற அந்த மெல்லிய படலத்தில் மட்டுமே இது நடக்கும், வேர் அதற்குக் கீழே போய்விட்டது. மண்ணுக்குள் கொத்திவிட்டால்தான் செடி வெளுக்கும். ஆகவே கொத்தாதீர்கள். சந்தேகமாக இருந்தால் முதலில் ஒரு கை மட்கிய எருவைக் குழியைச் சுற்றித் தூவிவிட்டு அதன் மேல் போடுங்கள்.

கனம், உதிர்த்துப் போடும்போது அரை அடி. ஒரு மழைக்குப் பிறகு பாதியாக அமுங்கிவிடும். கட்டைப் பிரிக்காமல் பலகை மாதிரி வைக்காதீர்கள், தண்ணீர் இறங்காது.

படர்கொடி எழுதியது:

காய்ந்த புல்லை அப்படி ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் நாலைந்து முறையாக அதைத்தான் போடுகிறேன். வைக்கோலைவிடச் சீக்கிரம் மட்கும், தழைச்சத்தும் கூடுதல், பூசணியோ எவ்வளவு போட்டாலும் சாப்பிடுகிற செடி. விதைப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது: அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து நனைத்து, அதன் மேல் ஒரு அடி கனத்துக்குப் புல். மெல்லிசாகப் போட்டால்தான் முளைக்கும். அப்படியும் தலை நீட்டுவதை, மேலே இன்னும் கொஞ்சம் புல் போட்டு அமுக்கிவிடுவேன்.

நனைந்து கிடந்த குவியல் என்கிறீர்களே, உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். உதறும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், முதலில் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அள்ளுங்கள்.

விதைநேர்த்தி எழுதியது:

விதையைவிடப் பெரிய ஆபத்தை யாரும் சொல்லவில்லையே. அந்தப் புல் வளர்ந்த இடத்தில் களைக்கொல்லி அடித்தார்களா என்று முதலில் கேளுங்கள். அமினோபைரலிட், குளோபைரலிட், பிக்லோரம் வகை மருந்துகள் புல்லை ஒன்றும் செய்யாமல் அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்பவை. பூசணியும் அகன்ற இலைதான்! புல் காய்ந்தாலும் இவை உடனே சிதையாது, மாடு தின்றால் சாணத்திலும் வரும், மாதக்கணக்கில் வீரியம் இருக்கும்.

சோதிப்பது சுலபம். இரண்டு சட்டியில் ஒரே மண். ஒன்றில் மட்டும் அந்தப் புல்லைப் பொடியாக நறுக்கிக் கலந்து, இரண்டிலும் அவரை விதை ஊன்றுங்கள். இந்த மருந்துகளை அவரைக் குடும்பம் சட்டென்று காட்டிக்கொடுக்கும். மூன்று வாரத்தில் புதுத் தளிர் கிண்ணம் மாதிரி குவிந்தோ, முறுக்கிக்கொண்டோ வந்தால் அந்தக் குவியல் பக்கமே போகாதீர்கள். வைக்கோலையும் இதே போல் சோதிப்பது நல்லது, தானியப் பயிருக்கும் இந்த மருந்துகளில் சிலவற்றை அடிப்பதுண்டு.

கொடிவேலி எழுதியது:

அடடா, இதை நான் யோசிக்கவே இல்லை, மிக்க நன்றி. கேட்டுப் பார்த்தேன், அந்தப் புல் வெளியிலிருந்து வாங்கியதாம், என்ன அடித்தார்கள் என்று அவருக்கே தெரியாது. அப்போது வைக்கோல் மட்டும் போடுகிறேன், அதுவும் சோதித்த பிறகு. இப்போதைக்குக் களையைக் கையால் எடுத்துக்கொள்கிறேன். கொடி கணுவுக்குக் கணு வேர் விடுமே, அரை அடி வைக்கோல் இருந்தால் அது எப்படி மண்ணைத் தொடும்?

மண்புழு எழுதியது:

நல்ல கேள்வி. எல்லாக் கணுவும் வேர்விட வேண்டியதில்லை. கொடிக்கு மூன்று நான்கு கணுவைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தில் மட்டும் வைக்கோலை விலக்கி, கணுவை மண்ணில் படுக்கவைத்து ஒரு கை மண் போட்டு மூடுங்கள். காற்றுக்குக் கொடி புரளாது, அடித்தண்டில் தண்டைத் துளைக்கும் புழு புகுந்தாலும் அந்த வேர்களால் கொடி பிழைத்துக்கொள்ளும்.

அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். போடும் முன் மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் அது காய்ந்தே கிடக்கும், சிறு தூறலை வைக்கோலே குடித்துவிடும். மண் இன்னும் குளிர்ச்சியாக இருந்தாலும் பொறுங்கள், வைக்கோல் வெயிலைத் தடுக்கும், பூசணிக்கு வேர்ச்சூடு வேண்டும்.

படர்கொடி எழுதியது:

வைக்கோலுக்கு அடியில் நத்தையும் நாவாய்ப்பூச்சியும் ஒளியும், அதையும் கவனியுங்கள். ஒரு பலகையைச் செடியருகே ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் புரட்டினால் மொத்தமாக அதனடியில் இருக்கும், அள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். அப்புறம், தோட்டம் முழுக்க மூடிவிடாமல் ஓரத்தில் கொஞ்சம் வெறும் மண் விடுங்கள். மண்ணில் வளை தோண்டி வாழும் தேனீக்கள் இருக்கின்றன, பெண்பூவில் மகரந்தம் சேர அவையும் வேண்டும்.

உங்கள் அழுகல் பிரச்சினைக்கு, காய் கை முட்டி அளவு வந்ததும் அதன் அடியில் மட்டும் புது வைக்கோலாகத் தனியாக ஒரு பிடி திணியுங்கள். முதலில் போட்டது அதற்குள் மட்கி ஈரம் பிடித்திருக்கும், அதன் மேலேயே காய் கிடந்தால் வெறும் மண்ணில் கிடப்பது போலத்தான். திணிக்கும்போது காயைத் தூக்காதீர்கள், தூக்கினால் காம்பு முறிந்துவிடும், மெதுவாகச் சாய்த்தால் போதும்.

கொடிவேலி எழுதியது:

இன்று இரண்டு சட்டியில் அவரை ஊன்றிவிட்டேன், ஒன்றில் வைக்கோல் கலந்து. முளைத்ததும் எழுதுகிறேன்.